பதின்மூன்று அமாவாசை

தனலெட்சுமிக்குத் தையல் மெஷின் கிடைக்காமல் போனதை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அவள் எனக்குப் பக்கத்து வீடு. புருஷன் நாகையா ரயில்வே பட்டறையில் கை நசுங்கி வேலைக்கு ஆகாமல் போனவர். ஊரார் ரவிக்கையெல்லாம் கையாலேயே தைத்து அவள்தான் குடும்பத்தை ஓட்டினாள்.

கிள்ளானில் அடைக்கப்பன் என்பவர் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். அதில் பொது அறிவுப் போட்டி. பத்துக் கேள்விக்கும் சரியாக எழுதுகிற முதல் ஆளுக்குத் தையல் மெஷின். தனலெட்சுமி உடனே எழுதிப் போட்டாள். ஒன்பது சரி, ஒன்று தப்பாம். 'ஒரு வருஷத்தில் எத்தனை அமாவாசை?' என்பது கேள்வி. இவள் எழுதியது பதின்மூன்று, பத்திரிகை சொன்னது பன்னிரண்டு.

அமாவாசைக் கணக்கில் அவளா தப்பு விடுவாள்? மாதா மாதம் நாகையா தன் தகப்பனாருக்காக விரதம் இருப்பார். வீடு கழுவி, வாழைக்காய் சமைத்து, காக்கைக்குச் சோறு வைப்பவள் இவள். அந்த வருஷம் ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை வந்து, எங்கள் வரிசையில் ஒரு கல்யாணமே தள்ளிப் போயிருந்தது.

இருவரும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம்.

"பொதுவா பன்னெண்டுதாம்மா," என்றார் அடைக்கப்பன், வெற்றிலையை மென்றுகொண்டே.

"பொதுவான்னு கேள்வியில இருக்கா? எந்த வருஷம்னாவது இருக்கா? ரெண்டு விடையும் சரின்னுல்ல எடுத்திருக்கணும்?" என்று கேட்டாள் தனலெட்சுமி.

"ஆசிரியர் முடிவே இறுதியானதுன்னு போட்டிருக்கோமே."

"அத மட்டும் தெளிவா எழுதத் தெரியுதே!"

சுவரில் அவர் அச்சகத்திலேயே அடித்த வருஷக் காலண்டர் தொங்கியது. அமாவாசைக்குக் கறுப்பு வட்டம் போட்டிருந்தது. தனலெட்சுமி ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்து உரக்க எண்ணினாள். அச்சுக் கோப்பவர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பதின்மூன்று.

அடைக்கப்பன் முகம் கறுத்தது. "மெஷினைக் குடுத்தாச்சு. போயிட்டு வாங்க," என்றார்.

அடுத்த வார இதழைப் புரட்டினால் மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. போட்டிக்கு மேலே ஒரு வரி மட்டும் புதிதாக: 'கேள்விகள் யாவும் பொதுவாகவே கேட்கப்படுகின்றன.' என்ன நெஞ்சழுத்தம்!

தனலெட்சுமி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தப்பு தன்னுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, ராஜம்மா. தெரிஞ்சும் தரல."

கண் மங்கும்வரை அவள் கையாலேயே தைத்தாள்.