கமருன்னிசா சொன்ன பொய்

பர்மாவில், பபேடான் பேட்டையில் சமூசா விற்கும் கமருன்னிசாவுக்குப் பொய் வராது. வாங்க வந்தவரிடமே, எண்ணெய் பழசு, நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்புவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும், அவளுக்கென்ன.

உள்நாட்டுச் சண்டை மூண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு காலையில் அவளும் மகள் ருக்சாரும் ஓடைக்கு அப்பாலுள்ள தாகேதாவிலிருந்து வரும்போது பாலத்தடியில் ராணுவம் மறித்தது. ருக்சாரின் போனில் அவள் ராணுவத்தை எதிர்த்த ஊர்வலத்தில் கொடி பிடித்த படங்கள் இருந்தன. போன் கேப்டன் கைக்குப் போனது. அவர் படங்களைப் பார்த்தார், பெண்ணின் முகத்தைப் பார்த்தார், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "போங்க, அமா" என்றார். பர்மியில் அமா என்றால் அக்கா. கமருன்னிசாவின் காதில் அது அம்மா என்றே விழுந்தது. அன்றிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையிலும் அவருக்காகத் தனியாக ஒரு துஆ.

யாரோ கோள் மூட்டிவிட்டார்கள், கேப்டன் கலகக்காரர்கள் பக்கம் என்று. சாதாரண உடையில் இருவர் கடைக்கு வந்து, அன்று பாலத்தில் என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். உண்மையைச் சொன்னால் கேப்டன் தொலைந்தார், மகளும் கூடவே.

"அந்த ஆளா?" என்று கமருன்னிசா கரண்டியைத் தூக்கினாள். நரம்பில்லாத நாக்கு அன்றைக்கு நன்றாகவே புரண்டது. போனில் ஒன்றும் இல்லாத கோபத்தில் மகளை அறைந்தான், கூடையை ஓடையில் உதைத்தான், கலா என்ற வசைச்சொல்லால் எங்கள் சாதிசனத்தையே இழிவாகப் பேசினான் என்று அடுக்கினாள். வந்தவர்கள் எழுதிக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். காப்பாற்றிய மனிதனை இப்படி ஏசிவிட்டோமே என்று அவள் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு மாதம் கழித்துக் கடை முன்னால் ராணுவ வண்டி நின்றது. கேப்டன் இறங்கினார். உடம்பில் உடுப்பு இன்னும் இருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வண்டியிலிருந்த சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நின்றார். ஒரு நன்றி வாயில் வந்தால் இருவர் கதையும் முடிந்தது.

கமருன்னிசா கையை நீட்டி, சண்டைக்காரியின் குரலில், தமிழில் கத்தினாள்:

"நீ நல்லா இருக்கணும் வாப்பா! எம் புள்ளையக் காத்த கைக்கு ஒரு கொறையும் வரக்கூடாது!"

சிப்பாய்கள் சிரித்தார்கள். கேப்டன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வண்டியேறினார்.

அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.