டெல்மரின் நாற்காலி ஆடிய ஆட்டம்

சனிக்கிழமை போக்கர் ஆட்டம் நின்றபோது டெல்மர் ஹௌகனின் முன்னால் பதினொரு கோபுரங்கள் நின்றன. கோபுரத்துக்கு இருபது மஞ்சள் பந்தயச் சில்லு. மிச்சமிருந்த பதினெட்டுப் பேரில் வேறு எவரிடமும் ஐந்து கோபுரம்கூடத் தேறாது.

டெல்மருக்கு ஐம்பத்தெட்டு வயது. மொன்டானாவின் டெட் ஹார்ஸ் கணவாய்ச் சாலையில் இருபத்தாறு குளிர்காலமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை, திட்டாதவரும் இல்லை. சாலையில் தள்ளிய பனி யார் வீட்டு வாசலையாவது அடைத்துத்தானே தீரும்? "வேணும்னே என் வாசல்ல கொட்டிட்டுப் போறியா, கிழவா?" என்று கேட்பார்கள். டெல்மர் அடுத்த வாசலுக்குத் தள்ளிக்கொண்டே போய்விடுவார். கணவாய்க்கு அந்தப் பக்கம் தீவனப் புல் விளைவிக்கும் வெண்டலுக்கு முதுகெலும்பில் கோளாறு, பனியை அள்ள முடியாது. அவன் வாசலில் மட்டும் பனி குவியாதபடி லாரியின் முன்தகட்டை ஒரு சாண் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் சனிக்கிழமை வேறு ஆளாக இருந்தார். போக்கர் பந்தயத்தில் சில்லுக் குவியல் பெரிதாகிவிட்டால் நல்ல சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மற்றவன்தான் ஒவ்வொரு தடவையும் 'இதோடு நம் கதை முடிந்ததா' என்று நெற்றியைத் தேய்க்க வேண்டும். டெல்மர் பனியைத் தள்ளுகிற மாதிரியே ஆடினார். அவசரமில்லாமல், நிறுத்தாமல், ஒரே சீராகத் தள்ளினார். கைக்கு வந்த சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு ஆட்கள் ஒதுங்கினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு மற்றவர்கள் வழிவிட்டார்கள்.

சீட்டறைச் சுவரில் ஒரு பலகை தொங்கும். குளிர்காலப் பந்தயத்தில் ஜெயித்தவர்களின் பெயரை அதில் சூடு போட்டு எழுதுவார்கள். லார்ச் மரத்தை அறுத்து, இழைத்து, மெருகேற்றிக் கொடுத்தது டெல்மர்தான். பத்தொன்பது பெயர்கள் ஏறிவிட்டன. அவருடையது இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் வருடா வருடம் ஆடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மீதி ஆட்டம். அந்த ஒரு நாள் விடுப்புக்காகச் சக ஓட்டுநர் டிராவிஸின் மூன்று கிறிஸ்துமஸ் வேலையை அவர் பார்த்துக் கொடுத்திருந்தார். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் மார்லிஸ் போனில் கூப்பிட்டாள்.

"டிராவிஸ் லாரியில எண்ணெய்க் குழாய் வெடிச்சிருச்சு, டெல்மர். மலை மேல முழங்கால் அளவு கொட்டிக் கிடக்கு. ஒரே ஒரு நடை. பத்தரைக்கு உன்னை விட்டுடறேன், சத்தியமா."

ஒன்பதரைக்கு அவர் திரும்பும்போது உச்சியில் ஒரு மாட்டு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஓரமாக ஒரே ஒரு வண்டி போக இடம். காற்று அதையும் பத்து நிமிடத்துக்கொரு தரம் மூடியது. இழுவை வண்டி வரும்வரை மூன்று மைல் மேலும் கீழும் ஓடி அந்த ஒற்றைத் தடத்தைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. பத்து மணிக்கு அந்தத் தடத்தில் வெண்டலின் பிக்கப் வந்தது. இரண்டு தரம் ஹாரன் அடித்து, கையாட்டிவிட்டு, டவுன் பக்கம் இறங்கிப் போனான். பந்தயத்துக்குத்தான் போகிறான்.

ஆள் வராவிட்டாலும் ஆட்டம் நிற்காது. ஒவ்வொரு சுற்றிலும் முறை வருகிறவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். காலி நாற்காலிக்கும் சீட்டு விழும். குவியலிலிருந்து சில்லை எடுத்து வைத்துவிட்டு அந்தச் சீட்டை ஒதுக்கிவிடுவார்கள். மணிக்கொரு தரம் அந்தக் கட்டாயத் தொகையும் ஏறும்.

கணவாயில் போன் எடுக்கிற இடம் ஒன்றே ஒன்று, ஜல்லிக் கொட்டகை வளைவு. பதினொன்றரைக்கு அங்கே போன் அடித்தது. மனைவி நடீன்.

"பத்து கோபுரம் இருக்கு, டெல். உன் முறை வந்தாலே வெண்டல் பந்தயத்தை ஏத்துறான். நாற்காலி என்ன எதிர்த்தா பேசப்போகுது?"

"நீ போய் உக்காரேன்."

"கேக்காம இருப்பேனா? 'நடீன், அந்தச் சில்லுல உன் விரல் பட்டா உன்னை நான் வெளிய அனுப்பணும்'னு கோர்டி சொல்லிட்டான்." பந்தயத்தை நடத்துகிறவன் கோர்டி.

அடுத்த அழைப்பு ஒரு மணிக்கு. "ஆறு. ஆனா பத்துப் பேர்தான் மிச்சம். உன் நாற்காலி எட்டுப் பேரை அனுப்பிருச்சு. எவனோ அதுக்குத் தொப்பி மாட்டி விட்டிருக்கான். 'டெல்மரை விட இது நல்லா ஆடுது'ன்னு ஒரே சிரிப்பு."

டெல்மருக்கும் சிரிப்பு வந்தது. லாரியின் மூக்கு டவுன் பக்கம்தான் இருந்தது. இருபத்திரண்டு மைல். அப்படியே இறங்கிவிட்டால் என்ன? பக்கக் கண்ணாடியில் பார்த்தார். பின்விளக்கை ஒட்டி மகளிர் ஹாக்கி அணியின் பஸ் ஊர்ந்து வந்தது. மலையடியில் அதை விட்டுவிட்டு லாரியை மறுபடி மலை பக்கம் திருப்பினார்.

இரண்டு மணிக்கு நடீனின் போனை வெண்டல் வாங்கிப் பேசினான்.

"ரெண்டு கோபுரம்டா. எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுப்பான், இல்லையா?"

"ஆமா," என்றார் டெல்மர்.

"சரி, ரோடு எப்படி? சாயங்காலம் நான் வீடு போய்ச் சேரணுமே."

டெல்மர் போனை வைத்துவிட்டார்.

இழுவை வண்டி வந்தது இரண்டேகாலுக்கு. மூன்றரைக்கு அவர் ஆரஞ்சு அங்கியில் பனி சொட்டச் சொட்டச் சீட்டறைக்குள் நுழைந்தார். ஆறு பேர் மேசை. ஆறாவது ஆள் தொப்பி போட்ட நாற்காலி. தொப்பியை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். முன்னால் இரண்டே சில்லு. கையுறையைக் கழற்றுவதற்குள் சீட்டுப் போடுகிற பெண் அந்த இரண்டையும் நடுவே நகர்த்தினாள்.

"மன்னிச்சுக்கங்க டெல்மர், உங்க முறை."

சீட்டைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு ராஜா. இரண்டு நாளில் இவ்வளவு நல்ல சீட்டு வந்ததில்லை. நேற்றென்றால் இதை வைத்து மேசையையே நடுங்க வைத்திருப்பார். இன்று ஏற்றவும் சில்லில்லை, மிரட்டவும் வழியில்லை. எல்லாம் ஏற்கெனவே நடுவில் கிடந்தது. வெண்டல் பந்தயத்தை ஏற்றினான், மற்றவர்கள் கவிழ்த்தார்கள். வெண்டலிடம் ஏஸும் ஒன்பதும்.

இருவருக்கும் பொதுவான சீட்டுகள் நான்கு மேசையில் விழுந்தன. ராஜாக்களுக்குப் பழுதில்லை. ஐந்தாவது ஏஸ். ராஜா ஜோடியை ஏஸ் ஜோடி வென்றுவிட்டது.

"நாற்காலி நாலரை மணி நேரம் தாக்குப் பிடிச்சுது. நீ ஒரு நிமிஷம் உக்காந்த," என்றாள் நடீன். சொல்லும்போதே அவர் ஈரத் தோளைத் துடைத்துவிட்டாள்.

"ரோடு?" என்று கேட்டான் வெண்டல்.

"மூடிக்கிட்டு வருது. நீ முடிக்கிறதுக்குள்ள திறந்து வைக்கிறேன்."

பலகையின் இருபதாவது வரியில் வெண்டலின் பெயர் ஏறியது. ஆறு மணிக்கு அவனுடைய பிக்கப் டெல்மரின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே கணவாயைத் தாண்டி வந்தது. அவன் வாசல் நெருங்கியது. இடுப்பளவு பனியை இன்று இங்கே கொட்டிவிட்டுப் போகலாம். யாரும் கேட்க முடியாது. காலையிலிருந்து தன் கைக்கு வந்த ஒரே முடிவு இதுதான் என்று டெல்மர் நினைத்தார்.

நினைத்து முடிப்பதற்குள் கை பழக்க தோஷத்தில் நெம்புகோலை இழுத்துவிட்டது. தகடு ஒரு சாண் தூக்கிக்கொண்டது. பின்னால் இரண்டு தரம் ஹாரன் கேட்டது.