ஏழு அண்டாக்களில் இருந்த பெயர்கள்

வேறொரு தீவிலிருக்கும் ஹட் பேயிலிருந்து வந்த கப்பலில்தான் செய்தி வந்தது. பிச்சையா அண்ணாச்சி மகள் வீட்டில் காலமாகி, தகனமும் முடிந்து ஐந்து நாளாகியிருந்தது. சொல்ல வந்த மருமகன் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "மாமா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க, சிஸ்டர்." விபூதி என்று நினைத்தேன். கையில் கனத்தது. பிரித்துப் பார்த்தவள் என் டெலானிபூர் குவார்ட்டர்ஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஹேடோ கப்பல்துறையில் சரக்கு சரிபார்க்கும் வேலை. இந்தத் தீவில் காடு வெட்டவும் ரோடு போடவும் மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. அவர்களில் துணையில்லாமல் இங்கேயே இறந்துபோகிறவர்களை எரியூட்டுவதற்கு ஒரு சிறு சபை நடத்தினார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நான் அதன் பொருளாளர். நான் சொல்லியனுப்பினால் போதும், விறகும் கோடித்துணியுமாக வந்து நிற்பார். பிறகு வீட்டாருக்குக் கடிதம் எழுதுவார்.

முதலில் சம்பள நாளில் வீடு வீடாக வசூலித்தோம். கொடுக்கிறவர்கள் மாற்றலாகிப் போனால் சபையும் படுத்துவிடும். அண்ணாச்சிதான் வழி கண்டுபிடித்தார்.

"கையேந்தினா ரெண்டு வருசம் ஓடும், சிஸ்டரம்மா. பாத்திரம் வாங்கி வாடகைக்கு விட்டா நாம போன பொறவும் ஓடும்லா."

மதராஸிலிருந்து ஒரே அளவில் ஏழு பித்தளை அண்டாக்களை வரவழைத்தோம். தீவில் கல்யாணத்துக்கா பஞ்சம்? வாடகை தவறாமல் வந்தது. ஆனால் அண்ணாச்சி இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு அண்டாவின் விளிம்பிலும் நாங்கள் எரியூட்டிய ஒருவரின் பெயரைத் தம் கையாலேயே புள்ளி புள்ளியாக வெட்டினார். அதை அவர்கள் வீட்டாருக்கும் எழுதிப்போட்டார்.

ஒரு கல்யாணத்தில், பெண்ணின் தகப்பனாரான கான்ட்ராக்டர் ஓர் அண்டாவிலிருந்த பெயரை வாசித்துவிட்டார். "அரே, இது நம்ம சைட்ல செத்தவன் பேராச்சே! முர்தா பேரு போட்ட அண்டாவுலயா எம்பொண்ணுக்குக் கல்யாணச் சோறு?"

அதோடு வாடகை நின்றது. மூன்றாம் மாதம் ஒருவர் இறந்தபோது விறகுக்குக் காசில்லை. அண்ணாச்சி தம் வீட்டு வேலியைப் பிடுங்கிக் கொண்டுவந்தார்.

நான்தான் சொன்னேன். "பேரையெல்லாம் அரத்தால ராவிடுங்க, அண்ணாச்சி."

"பெத்தவங்களுக்கு எழுதிப்புட்டேனே. வந்து கேட்டா என்னத்தச் சொல்ல?"

"யாரு கப்பலேறி வரப்போறாங்க?"

என் வாய் அப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ராவினார். அந்தச் சத்தத்தில் பல் கூசி நான் உள்ளே போய்விட்டேன். மறு மாதமே அண்டாக்கள் கல்யாணத்துக்குப் போயின. சபை பிழைத்தது.

இரண்டு வருடம் கழித்து, ராமநாதபுரத்திலிருந்து ஒரு தாயார் கடிதமும் கையுமாக வந்தே விட்டார். "எம்மகன் பேரு வெட்டுன அண்டா எதுய்யா?" ஏழும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. எது யாருடையது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அண்ணாச்சி ஒன்றைத் தொட்டுக் காட்டினார். எழுத்தறியாத அந்த அம்மாள் ராவிய இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "நல்லா மினுமினுன்னு எழுதியிருக்கீகய்யா" என்று கும்பிட்டார்.

அதன்பின் அண்ணாச்சி எந்தக் கல்யாணப் பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. அண்டா கழுவும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். "கூப்பிடுதாங்க, சிஸ்டரம்மா" என்பார். யார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கப் பயம்.

பொட்டலத்தில் இருந்தது பித்தளைத் தூள். அன்று ராவியதைக் கூட்டியெடுத்து இத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறார்.

நேற்று அதைக் கடலில் கரைக்கலாம் என்று ஹேடோவுக்குக் கொண்டுபோனேன். ஏழு பேரையும் பெயர் சொல்லிக் கரைப்பதுதான் முறை என்று தோன்றியது. ஐந்து பெயர்தான் வந்தது. பதிவேட்டைப் புரட்டினால் மற்ற இரண்டும் கிடைக்கும். ஆனாலும் அந்த இடத்தில் என் வாயில் வரவில்லை. பொட்டலத்தை மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம். ஏழு அண்டாவும் போகின்றன. நீங்கள் சொன்னபடியே சபை ஓடுகிறது, அண்ணாச்சி. ராவச் சொன்னவள் நான். அந்த ஏழு பேரும் இனி என்னைக் கூப்பிடட்டும். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.