மூன்று சென்டிமீட்டர் முடி

என் மகளும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வெளிநாடு போய் அவள் கணவரோடு சேர்வது, மூன்று சென்டிமீட்டர் முடியால் தொண்ணூற்றாறு நாள் தள்ளிப்போனது. அதற்குக் காரணம் என்ன என்று புத்தூரில் எங்கள் தெருக்காரர்கள் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஐந்தும் தப்பு. ஆறாவது எனக்குத் தெரியும்.

மருமகன் வெள்ளைக்காரர். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து எட்டு வருடம் இருந்தார். இயந்திர பாகங்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. என் மகளுக்கும் அங்கேதான் வேலை. முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். எல்லோரும் பதறினோம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நிலையின் உயரம் என்ன என்று கேட்டார். நூற்றெண்பத்திரண்டு சென்டிமீட்டர் என்றேன். பையிலிருந்து டேப் எடுத்து அளந்தார். நூற்றெண்பத்தொன்று. முப்பத்தொரு வருடம் சித்தூரில் புள்ளிவிவர அலுவலகத்தில் உழைத்தவனை, வந்த நாலாவது நிமிடத்தில் ஒரு சென்டிமீட்டரில் பிடித்துவிட்டார். அன்றைக்கே இவர் நம் வீட்டுக்கு ஏற்றவர் என்று முடிவு செய்துவிட்டேன். வெளியே மட்டும் நாலு மாதம் முறைப்பாக இருந்தேன். அப்பா என்று ஒரு பதவி இருக்கிறதே.

தமிழை அவர் தொழிற்சாலை கேன்டீனில் கற்றார். மாமனாரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. என் மகள் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னை நைனா என்றார். "இன்னா நைனா, துன்னீங்களா?" என்று ஆறடி மூன்றங்குல வெள்ளைக்காரர் கேட்கும்போது பதில் சொல்வதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

போன வருடம் கம்பெனி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சின்னவன் அப்போது இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை. வீடு பார்த்து, காகிதம் சரிசெய்து கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். மகள் ஆறு வயதுப் பெண்ணையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள். பதினொரு மாதம். வீட்டில் ஆள் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஐந்தானது. சோப்பு பன்னிரண்டு நாளில் தீர்ந்தது. என் மூக்குக்கண்ணாடி இரண்டு முறை உடைந்தது. ரத்த அழுத்தம் குறைந்தது. இதற்கு டாக்டர் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் போயிருப்பது ஐரோப்பாவின் வடக்கு மூலையில் ஒரு நாடு. பேரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் லண்டன் என்றே வைத்துக்கொண்டார்கள். லண்டனில் தயிர் உறையாது என்றார் எதிர்வீட்டு ரிட்டையர்ட் தலைமை ஆசிரியர். அவர் ரேணிகுண்டாவுக்கு அப்பால் போனதில்லை.

விசா விண்ணப்பத்துக்கு இருபத்தொரு விதிகள். மகள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அச்செடுத்த விதிகளை என்னிடம் கொடுத்தாள். "உன்ன விட்டா இத யாரு நைனா ஒயுங்கா பாப்பாங்க?" என்றாள். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. சிவப்புப் பேனா வாங்கினேன். ஒவ்வொரு விதியையும் இரண்டு முறை படித்து, காகிதத்தை ஃபைலில் சேர்த்த பிறகுதான் டிக் போடுவேன். பதினேழாவது விதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்னையில் விசா மையத்துக்குப் போகும் நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேண்டுதல் பேச்சை நான்தான் எடுத்தேன். சின்னவனுக்கு ஒரு வயதில் காய்ச்சல் கண்டபோது, இரண்டு பிள்ளைகளுக்கும் திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தோம். அது அப்படியே நின்றிருந்தது.

"வேண்டுதல பாக்கி வச்சுக்கினு ப்ளேன் ஏறலாமா?" என்றேன்.

"போட்டோல்லாம் எடுத்தாச்சே நைனா. ஒண்ணும் ஆவாதா?"

"போட்டோ மூஞ்சிக்குத்தானேம்மா. தலைக்கு இல்லியே."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் பார்வைகளில் மூன்று வகை உண்டு. இது மூன்றாவது.

மையத்துக்குப் போவதற்கு முதல் நாள், மலையடிவாரத்தில் அலிபிரியிலிருந்து நடந்தே ஏறினோம். மனைவி மட்டும் பஸ்ஸில் வந்தாள். படிகள் மூவாயிரத்து ஐநூற்று ஐம்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்பது குறைந்தது. சின்னவன் நடுவில் குரங்கைப் பார்த்து என் கழுத்தைக் கட்டிக்கொண்ட இடத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிருக்கலாம். மேலே மொட்டை போடும்போது பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். சின்னவன் நாலு நிமிடம் அழுதான். சந்தனம் பூசியதும் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. பின்னாலிருந்து பார்த்தால் எது எது என்று உயரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சென்னை மையத்தில் எங்கள் எண் நாற்பத்தேழு. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள்.

"சார், இதுல இருக்கிற பொண்ணு எங்க?"

"இதாம்மா அந்தப் பொண்ணு."

"முடி?"

"சாமிக்குக் குடுத்துட்டோம்."

"அப்போ சாமி கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்திருக்கலாமே சார்."

பின்னால் வரிசையில் இருந்த நாற்பத்தெட்டும் நாற்பத்தொன்பதும் சிரித்தன. அதே கட்டிடத்தில் புதுப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். அது பிள்ளைகளோடு ஒத்துப்போனது. பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. பழைய போட்டோ பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போனது. பிள்ளைகளோடு ஒத்துப்போகவில்லை. மூன்றும் ஒன்றாக ஒத்துப்போக வேண்டும் என்று அவள் மேலதிகாரி வந்து சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டி, "இவ்ளோ வளரட்டும் சார், வாங்க" என்றார். பார்த்ததுமே கணித்தேன். மூன்று சென்டிமீட்டர். அடுத்து காலியாக இருந்த நாள் தொண்ணூற்றாறு நாள் கழித்து.

வரும் வழியில் பஸ்ஸில் மகள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேசினேன். ஆட்சி, அதிகாரிகள், வெள்ளைக்காரர்களுக்குப் பக்தி இல்லாதது எல்லாவற்றையும் ஊத்துக்கோட்டை வரைக்கும் திட்டினேன்.

அன்று மாலை மருமகன் வீடியோவில் வந்தார். இரண்டு மொட்டைகளையும் பார்த்ததும் அவர் முகம் சுண்ணாம்பானது. எட்டு வருடத்தில் இங்கே எத்தனையோ மொட்டை பார்த்தவர்தான்; சொந்தப் பிள்ளைகள் என்றதும் அவர் ஊர் நினைப்புத்தான் வந்தது. அவர் ஊரில் சிறுபிள்ளைக்குத் தலைமுடி இல்லையென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தானாம். "என்ன வியாதி? எப்போதிலிருந்து?" என்று அவர் மொழியில் கேட்டார். மகள் சொல்லிச் சொல்லிப் புரியவைத்தாள். பிறகு அவர் பின்னால் இருந்த அறையைக் காட்டினார். பிள்ளைகளுக்காக அவரே அறுத்துச் செய்த இரண்டடுக்குக் கட்டில். மெத்தை போட்டு, தலையணை வைத்து, தயாராக இருந்தது. நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன்.

மறுநாளே சித்தூருக்குப் போனேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரி. முடி இறைவனுக்குச் செலுத்தப்பட்டது என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதச் சொன்னேன். "பில்லலு இஷ்டப்பட்டே குடுத்தாங்களா சார்?" என்று பிள்ளைகளைப் பற்றிப் பாதித் தெலுங்கில் கேட்டார். சின்னவனின் நாலு நிமிடம் ஞாபகம் வந்தது. ஆமாம் என்றேன். மூன்று முத்திரை குத்தினார். மையத்துக்கு அனுப்பினோம். பத்திரம் கிடைத்தது, முடியோடு வரவும் என்று பதில் வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் இரண்டு பேரையும் முக்காலியில் உட்காரவைத்து, பள்ளிக்கூட ஸ்கேலால் உச்சியில் அளப்பேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். முதல் ஞாயிறு பெரியவள் 0.3, சின்னவன் 0.2. மனைவி இருவருக்கும் விளக்கெண்ணெய் தடவினாள். எதிர்வீட்டு ஆசிரியர் வெங்காயச் சாறு என்றார். "லண்டனுக்குப் போறதுக்குள்ள சடை பின்னிடலாம் சார்" என்று தெருவே கிண்டலடித்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் அங்கே தாண்டிப்போனது. பெரியவளுக்கு எடுத்துவைத்திருந்த இடத்தை வேறு ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, இவளை அடுத்த பருவத்துக்கு எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் அந்த வாரங்கள் நன்றாகவே இருந்தன என்று சொன்னால் கல்லெறிவீர்கள். காலையில் இரண்டு பேரையும் கடைக்குக் கூட்டிப்போவேன். போக நானூற்றுப் பத்து அடி, வர அறுநூறு, ஏனென்றால் வரும்போது நாய்களைப் பார்க்க வேண்டும்.

ஏழாவது வாரம் ஒரு மாலை. போன் அடித்தது. வழக்கமாகச் சின்னவன் ஓடிவந்து போனையே முத்தமிட்டு எச்சில் ஆக்குவான். அவனுக்கு அப்பா என்றால் போன். அன்றைக்கு மரக் கார் ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"டேய், அப்பாடா. வா," என்றாள் மகள்.

"தாத்தாவ பேசச் சொல்லு. நான் வெளாடிக்கினு இருக்கேன்."

அந்தப் பக்கம் மருமகன் சிரித்தார். சிரித்து முடிக்க ஒரு வினாடி அதிகமானது. அதற்கடுத்த நாளும் அவன் வரவில்லை. மூன்றாவது நாளும் வரவில்லை. நான் எண்ணினேன். ஒன்பது நாள்.

பத்தாவது நாள் மகள் ஃபைலைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். விதிகள் அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, இருபது டிக் இருக்குது. பதினேழுல காணோம்."

பதினேழாவது விதி இதுதான்: விண்ணப்பிக்கும் நாளில் பிள்ளை இருக்கும் தோற்றமே போட்டோவில் இருக்க வேண்டும், தோற்றம் மாறியிருந்தால் ஏற்கப்படாது.

"மறந்துட்டேன்மா."

"நீயா? மறந்தியா?"

அவளுக்கு என்னைத் தெரியும். காய்கறிக்காரன் ஒரு பச்சைமிளகாய் குறைத்துப் போட்டால் கண்டுபிடிக்கிறவன். இரண்டு முறை படித்தவன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொய் டிக் போட்டதில்லை. அதனால்தான் மாட்டிக்கொண்டேன். போட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

"படிச்சேன்" என்றேன். "செவ்வாக்கிழம படிச்சேன். வியாழக்கிழம மொட்டையப் பத்திப் பேசினேன்."

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"எவ்ளோ நாளு கெடைக்கும்னு பாத்த?"

"ஒரு மாசம். மூணு மாசம் ஆவும்னு சத்தியமா தெரியாதும்மா."

"கணக்குல தப்பு பண்ணிட்ட, நைனா," என்றாள். தாளை மடித்து ஃபைலில் வைத்தாள். "நீ கேட்டிருந்தா ஒரு மாசம் கூட இருந்துட்டுப் போயிருப்பேன். நீ கேக்கல. பெருமாள வச்சு கேட்ட."

உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்: "அன்னிக்கே பாத்தேன் நான். எனக்குத் தெரியும்."

அடுத்த நாளிலிருந்து மாலை போன் அடிக்கும் நேரத்தில் மரக் காரை நான் ஒளித்துவைத்தேன். சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு போனுக்கு எதிரே உட்கார்ந்தேன். மருமகனிடமும் நானே சொன்னேன், தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "நைனா, இப்போ எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டார்.

"பெரியவ இருபத்தஞ்சு. சின்னவன் இருபத்திரண்டு."

"இருபத்திரண்டா, இருபத்திரண்டரையா?"

"ஸ்கேல்ல அரை தெரியல."

"நல்ல ஸ்கேல் வாங்கு, நைனா," என்றார். அவர் கோபித்துக்கொண்டது அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தொண்ணூற்றாறாவது நாள் பெரியவள் 3.5, சின்னவன் 3.1. அன்று காலை, புதுப் போட்டோ ஃபைலில் சேர்ந்த பிறகு, மகள் சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினாள். பதினேழில் டிக் போட்டேன். அதே பெண்தான் கவுண்டரில் இருந்தாள். "சாமி திருப்பிக் குடுத்துட்டாரா சார்?" என்றாள். மூன்றும் ஒத்துப்போயின. இருபத்து மூன்றாம் நாள் விசா வந்தது. விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். சின்னவன் ஏழு முறை திரும்பிப் பார்த்தான்.

நோட்டுப் புத்தகத்தில் அதற்குப் பிறகு பக்கங்கள் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் போன முதல் ஞாயிறு மதியம் ஒரு போட்டோ வந்தது. இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் சின்னவன் உட்கார்ந்திருக்கிறான். உச்சியில் அவன் அப்பாவின் கை ஒரு இரும்பு ஸ்கேலைப் பிடித்திருக்கிறது. கீழே மகள் எழுதியிருந்தாள்: "39.5 மி.மீ. எய்திக்கோ."

எழுதிக்கொண்டேன். என் கணக்குப்படி 39 தான் வர வேண்டும். ஆனால் அவருடையது நல்ல ஸ்கேல்.