நர்சம்மாவை நின்று வரவேற்ற நாள்

என் உள்ளங்காலில் ஒரு புண். சர்க்கரை வியாதிக் கால் என்பதால் வலி தெரியாது. காலைத் தரையில் ஊன்றக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெருவிரலை எடுக்க வேண்டிவரும் என்று விருதுநகரில் டாக்டர் சொல்லி அனுப்பினார். பஸ் ஏறிப் போய்க் கட்டிவர என்னால் ஆகாது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெண்தான் சுகாதார நிலையத்தில் என் பேரைச் சொன்னாள். நடக்க முடியாதவர்களுக்கு நர்ஸ் வீட்டுக்கே வருமாம்.

"பெரியம்மா, நாளைக்கு ஒங்களப் பாக்க வாராக. நடமாடாம கட்டில்லயே கெடங்க."

"ஏட்டி, வீட்டுக்கு வந்தவகள படுத்துக்கிட்டா வாங்கன்னு கேக்கச் சொல்லுத?"

"ஒங்க பவுச ஒரு நாளைக்கு மூட்ட கட்டி வைங்க."

எனக்கா கேட்கும்? விடிந்ததும் வீட்டைக் கழுவினேன். கோலம் போட்டேன். கால் கட்டு அழுக்காக இருந்தது. வருகிறவள் என்ன நினைப்பாள் என்று அதையும் அவிழ்த்துப் போட்டேன். புதுச் சுங்குடிச் சேலை வேறு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். நர்சுக்குத்தான் இந்த அலங்காரமெல்லாம்.

வந்தது சின்னப் பெண். அடுப்படிக்கும் அவள் நாற்காலிக்குமாக நடந்து தண்ணீர், காபி, காராச்சேவு எல்லாம் கொண்டுவந்து வைத்தேன்.

"நல்லா ஓடியாடித்தான இருக்கீக ஆச்சி!"

"காட்டு வேல பாத்த ஒடம்பும்மா" என்றேன், மனசு குளிர்ந்து.

"அப்ப நீங்க ஆஸ்பத்திரிக்கே வந்துருங்க, புண்ண அங்கயே கட்டிக்கிடலாம். எந்திரிக்க முடியாதவகளுக்குத்தான் நாங்க வீட்டுக்கு வாறது."

அப்போதுதான் உறைத்தது. முடியாதும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயிலிருந்து வந்ததோ, "வந்துருதேம்மா." வழியனுப்பக் கூடவே நடக்கவும் செய்தேன்.

வாசலில் அவள் திரும்பித் தரையைப் பார்த்தாள். "என்ன ஆச்சி, செவப்புச் செவப்பா?"

"செம்மண்ணும்மா. கோலத்துக்கு இட்டது."

"அடுப்படியிலயுமா செம்மண் இட்டீக?"

பிடித்து உட்கார வைத்துவிட்டாள். என் காலைப் பார்க்கக் குனிந்தாள். கால் பக்கம் ஒருத்தி குனிந்தால் நம் கை சும்மா இருக்குமா? அவள் தலையில் வைத்து, "நல்லா இரு தாயி" என்றேன்.

"ஆசீர்வாதமெல்லாம் அப்புறம். கால நீட்டுங்க." புண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "இப்படியே நடந்தீகன்னா வெரலு தங்காது. நடக்க முடியுமா, முடியாதா? வாயத் திறந்து சொல்லுங்க."

நான் விட்டத்தைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். அவள் விடுவதாக இல்லை.

"முடியலம்மா."

இரண்டு நாள் கழித்துப் புண் கட்ட வந்தாள். நான் கட்டிலில்தான் கிடந்தேன். படுத்தபடி ஒருத்தியை "வா தாயி" என்று கூப்பிட நாக்கு கூசியது. கூப்பிட்டேன்.