சாய்ந்த சக்கரங்கள்

எங்கே போனாலும் என் தங்கை முதலில் வாசற்படியைத்தான் பார்ப்பாள். ஆட்களைப் பிறகுதான். ஐந்து வயதில் முதுகில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்ததிலிருந்து அப்படித்தான். படி இல்லை என்று தெரிந்த பிறகே முகத்தில் சிரிப்பு வரும்.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அவள் படித்தாள். நான் பெருக்கும் பல்கலைக்கழகத்திலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்கு உள்விளையாட்டு அரங்கில் வேலை. வகுப்பு முடிந்ததும் அங்கே வந்து, மற்றவர்கள் பேட்மிண்டன் ஆடுவதைக் கோட்டுக்கு வெளியே இருந்து பார்ப்பாள்.

"ஸ்கோர் சொல்ல மட்டும் கூப்பிடுறாங்கக்கா. வாய் நல்லா இருக்குல்ல!" என்று ஒருநாள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விளையாட்டுக்கென்றே செய்த சக்கர நாற்காலி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். உன்னைத் தவிர யாரும் கேட்கவில்லையே என்றார்கள். கடைசி வருடத்தில்தான் ஒரே ஒரு நாற்காலி வந்து இறங்கியது. சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே விரிந்து நின்றன.

"என்னடி, கோணலா இருக்கு?"

"கோணல்தான்க்கா அதோட பலம். சட்டுன்னு திரும்பினாலும் கவிழாது. உன்னை மாதிரி வெறச்சு நின்னா ஒரு தள்ளுல விழுந்துரும்."

நான்கு மாதம் ஆடினாள். உள்ளங்கை காய்த்துப்போனது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஆள் எடுக்கத் தேதி குறித்தார்கள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

அதற்கு நான்கு நாள் முன்பு, அரங்கின் சாமான்களை ஆய்வு செய்ய வருகிறார்கள் என்று தகவல் வந்தது. சாமான் அறையைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் சாவி அண்ணன் என்போம். நல்ல மனிதர். வலை கிழிந்தால் தானே உட்கார்ந்து முடிச்சுப் போடுவார். அன்று காலை வெல்டிங்காரரோடு அந்த நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பாரும்மா, ரெண்டு சக்கரமும் வெளிய சாஞ்சு கெடக்கு. பாவம், உன் தங்கச்சி வாயத் தொறக்காம ஓட்டிட்டு இருக்கு. நிமித்திக் கொண்டாந்துடறேன். சொல்லிடாத, வந்து பாத்து அசந்து போகட்டும்."

"அண்ணே..." என்றேன். வெல்டிங்காரர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் இந்தச் சாமான்களோடு புழங்குகிறவருக்குத் துடைப்பம் பிடிக்கிறவள் என்ன சொல்வது என்று நினைத்தேன். வண்டி போய்விட்டது.

மறுநாள் சக்கரங்கள் செங்குத்தாக நின்றன. மறுபடி சாய்க்க முடியாதபடி அச்சையே அறுத்து ஒட்டியிருந்தார்கள். தங்கை சக்கரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இரண்டு தள்ளு தள்ளி, வேகமாக இடப்பக்கம் வெட்டித் திரும்பினாள். நாற்காலியோடு கவிழ்ந்தாள்.

சாவி அண்ணன் ஓடிவந்து தூக்கினார். "ஐயோ, நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்!"

"யாருமே உங்ககிட்ட சொல்லலையாண்ணே?" என்று தங்கை கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "யாரும் சொல்லலம்மா."

வேறு நாற்காலி எங்கும் இரவல் கிடைக்கவில்லை. பயிற்சியாளர், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார். கடைசி வருட மாணவிக்கு அடுத்த வருடம் ஏது?

இப்போது அவள் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வரும் போன்களுக்குப் பதில் சொல்கிறாள். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நாற்காலி 'பழுது' என்ற சீட்டோடு சாமான் அறையில் கிடக்கிறது. வேறொன்று கேட்டு யாரும் எழுதவில்லை. நான் அதே அரங்கைப் பெருக்குகிறேன். அன்று வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.