மாடிவீட்டம்மாவும் திங்கட்கிழமைக் கூட்டமும்

அந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒரே பெண் அவள்தான். உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் எல்லோரும் மாடிவீட்டம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. மேலே இருந்து வாக்கி டாக்கியில் "நிறுத்து" என்றால் லாரி நிற்கும். "தள்ளிப் போ" என்றால் ஆள் தள்ளிப் போவான். ஏன், எதற்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

கீழே, திங்கட்கிழமைக் கூட்டத்தில் கதையே வேறு. மேசையைச் சுற்றி மேனேஜர், ஃபோர்மேன், லாரி சூப்பர்வைசர் என்று எல்லோரும் ஆண்கள். கதவோரத்து நாற்காலியில் இவள்.

"தண்ணித் தொட்டிக்குப் போறவங்க லாரி ரிவர்ஸ் வர்ற வழியைக் குறுக்கே தாண்டுறாங்க சார். மேலேர்ந்து பாத்தா நல்லாவே தெரியுது. தொட்டியை நகர்த்தணும். ஆனா எங்கே வைக்கிறதுன்னா..."

"சரிம்மா, அதை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் ஃபோர்மேன். பேச்சு டீசல் பக்கம் தாவிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தத் தண்ணித் தொட்டியை நகர்த்தினா என்ன?" என்றார்.

"நல்ல யோசனை," என்று மேனேஜர் தலையாட்டினார்.

தொட்டி நகர்ந்தது, அடுக்கி வைத்த கன்டெய்னர்களுக்குப் பின்னால். இப்போது தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவன் திடுதிப்பென்று லாரி முன்னால் முளைத்தான்.

வீட்டில் அவள் பொரிந்து தள்ளினாள். தையல்காரரான புருஷன் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுவிட்டு, "மேலே இருந்து சொன்னா கேக்குறாங்க, கீழே வந்தா கேக்க மாட்டேங்கிறாங்க. பேசாம கூட்டத்துக்கும் மேலேயே இருந்துடு," என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் நாற்காலி காலி. மேசைமேல் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"நான் கிரேன்லேர்ந்து பேசுறேன். போன வாரம் பாதிதான் சொன்னேன், அந்தப் பாதிக்கே தொட்டி நகர்ந்துடுச்சு. மீதியை இப்ப சொல்றேன்."

அந்தக் கருவியில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது இன்னொருவர் நுழைய முடியாது. ஃபோர்மேன் தன்னுடையதை எடுத்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அவசரமே படாமல், எந்த மூலையில் டிரைவர் கண்ணுக்கு ஆள் தெரியாது, கருவிக் கொட்டகைப் பக்கம் தொட்டியை வைத்தால் யாரும் ஏன் வழியைத் தாண்ட வேண்டியதில்லை என்று விளக்கினாள்.

"முடிச்சிட்டேன். யாராவது ஏதாவது கேக்கணுமா?"

ஃபோர்மேன் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அவங்க சொல்றது சரிதான் சார்," என்றார். சாயங்காலத்துக்குள் தொட்டி கொட்டகைப் பக்கம் வந்துவிட்டது.

"இனிமே கீழே வந்தே பேசுங்கம்மா. யாரும் குறுக்கே வர மாட்டாங்க," என்றார் மேனேஜர்.

"வரேன் சார். வந்தாங்கன்னா மறுபடி ஏறிக்கிறேன்."

அதன்பிறகு அவள் மேசையோடு ஒட்டித்தான் உட்கார்ந்தாள். சில மாதங்களில் எடைமேடை வேலைக்குப் புதிதாக ஒரு சின்னப் பெண் வந்து சேர்ந்தாள். மாடிவீட்டம்மா அவளையும் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். எடைமேடையில் லாரிகள் தேங்குவதைப் பற்றி அந்தப் பெண் ஒருநாள் மெதுவாக, தட்டுத் தடுமாறிப் பேச ஆரம்பித்தாள். மாடிவீட்டம்மாவுக்குப் பொறுமை போதவில்லை.

"அவ என்ன சொல்ல வர்றான்னா..."

"அக்கா, நான் இன்னும் முடிக்கல."

ஃபோர்மேன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். மாடிவீட்டம்மா அடக்கவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

"தப்புதான். நீ சொல்லு," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.